இந்தியர் அகற்றல் சட்டம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் வானொலியில் அமெரிக்க வரலாறு பேசத் தொடங்கியதும் அதனால்தான். மெல்பர்னில் ரோவில் பகுதியில் ஒரு பிறந்தநாள் விருந்து. ஆண்கள் எல்லாரும் கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அமெரிக்க அரசியலை அலசிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு ஆள் அந்த நாட்டில் பதவிக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு நான் பேசாமல் திரும்பியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் இருந்தார், போய்ப் படிங்க" என்றேன்.

திருநெல்வேலியில் கல்லூரியில் வரலாறு படித்தவள் நான். மெல்பர்னில் அந்தப் பட்டத்தை யாரும் கேட்டதில்லை. இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் குழாய்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அன்று அந்தக் கூட்டத்தில் சமூக வானொலியில் தமிழ் நிகழ்ச்சி நடத்தும் அங்கிள் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "அப்ப நீங்களே வந்து சொல்லுங்கோவன்" என்றார். சனிக்கிழமைக் காலையில் அரை மணி நேரம் என் தலையில் விழுந்தது.

முதல் வாரமே மொழித் தகராறு. தமிழ்நாட்டுப் பத்திரிகை வழக்கப்படி "அமெரிக்க அதிபர்" என்றேன். நிகழ்ச்சி முடிவதற்குள் வரிசையாகப் போன் வந்தது. இலங்கைத் தமிழில் அதிபர் என்றால் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியராம். "பிள்ளை, அவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதிபரா இருந்தவர்?" என்று ஒரு ஆன்ட்டி கேட்டார். கேலியா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கிள் சிரித்துவிட்டு, "ஜனாதிபதி எண்டு சொல்லுங்கோ, எல்லாருக்கும் விளங்கும்" என்றார். கேட்பவர்களில் பாதிக்கு மேல் அவர் ஊர்க்காரர்கள் என்பதால் மாற்றிக்கொண்டேன்.

அந்த ஜனாதிபதியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. படைத்தலைவராக இருந்தவர், ஜெனரல் என்றே சொல்கிறேன். ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை, சின்ன வயதில் தாயையும் இழந்தவர், போரில் பேர் வாங்கி மேலே வந்தவர். முதல் தடவை நின்றபோது அதிக ஓட்டு இவருக்குத்தான். ஆனால் பெரிய மனிதர்கள் உள்ளுக்குள் பேசிவைத்துக்கொண்டு வேறொருவரை உட்காரவைத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த அநியாயத்தையே சொல்லிச் சொல்லி அடுத்த தேர்தலில் ஜெயித்தார். பதவியேற்ற நாளில் ஜனங்கள் சேற்றுக் காலோடு ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து பட்டு நாற்காலிகளில் ஏறி நின்றார்கள். பீங்கான் எல்லாம் உடைந்தது. அவர்களை வெளியே வரவைக்க மதுத்தொட்டிகளைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போக வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் கட்சிக் கூட்டம் பார்த்து வளர்ந்தவளுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

பழைய அதிகாரிகளைத் தூக்கிவிட்டுத் தன் கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுத்தார். பணக்காரனின் வங்கி என்று சொல்லித் தேசிய வங்கியை ஒழித்துக்கட்டினார். மந்திரிகளை ஒதுக்கிவிட்டுக் கூட்டாளிகளிடம் யோசனை கேட்டார். அந்தக் கூட்டாளிகளுக்குச் சமையலறை மந்திரிசபை என்று பட்டப்பெயர் இருந்தது. "குசினிக் கபினெட் எண்டு சொன்னால் இன்னும் நல்லாயிருக்கும்" என்றார் அங்கிள். அதற்கும் போன் வந்தது, எல்லாரும் ரசித்தார்கள். ஜெனரலிடம் நிறைய அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் ஒரு வாரம் சொன்னேன். அதற்கு ஒரு போன்கூட வரவில்லை.

பிறகு அந்தச் சட்டத்துக்கு வந்தேன். அமெரிக்காவின் பழங்குடிகளை அவர்களுடைய சொந்த நிலத்திலிருந்து மேற்கே அனுப்பும் சட்டம். பள்ளியில் நாங்கள் செவ்விந்தியர் என்று படித்தோம். மனிதர்களைத் தோல் நிறம் சொல்லிக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. சட்டத்தின் பெயரில் இருப்பது இந்தியர் என்ற சொல்தானே, அதையே சொல்வோம் என்று முடிவு செய்தேன். "பழங்குடிகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்" என்று நிகழ்ச்சியின் தொடக்கத்தில் தெளிவாகவும் சொன்னேன். ஆனால் காரில் போகிறவர்கள் தொடக்கத்திலிருந்தா கேட்கிறார்கள்? பாதியில் வானொலியைத் திருப்பிய ஒருவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "இந்தியரை அகற்றும் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார்."

பாட்டுப் போட்ட இடைவெளியில் போன் அடித்தது. எடுத்தேன்.

"கேரம் டவுன்ஸில இருந்து கதைக்கிறன் அக்கா. அந்தச் சட்டம். ஜனாதிபதி கையெழுத்துப் போட்டிட்டாரா?"

"போட்டுட்டாரே" என்றேன்.

"எல்லாரையும் அனுப்பப் போறாங்களா?"

"எல்லாரையும்தான். முதல்ல நல்லபடியாப் பேசுவாங்க, வரமாட்டேன்னா பட்டாளம் வரும்."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. "வவுனியாவில இருக்கிற எங்கட ஆக்களுக்கும் அது பொருந்துமா அக்கா? எங்களுக்குப் பிரஜாவுரிமை எல்லாம் தந்து முடிஞ்சுது. என்ர மனுசியும் பிள்ளையளும் அங்க இருக்கினம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்காகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளை அந்த நாட்டுக் காகிதங்கள் இன்னும் இந்தியத் தமிழர் என்றுதான் சொல்கின்றன. சுதந்திரம் வந்ததும் அவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டு, லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அவர் காதில் ஜனாதிபதி என்றால் கொழும்பில் இருப்பவர். இந்தியர் என்றால் அவரும் அவர் பிள்ளைகளும். இந்தியாவில் பிறந்து, இந்தியப் பாஸ்போர்ட்டில் விமானம் ஏறி வந்த எனக்கு, அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு பயம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

இது அமெரிக்கக் கதை, பழைய கதை, உங்கள் ஆட்கள் இல்லை என்று மூன்று விதமாகச் சொல்லிப் புரியவைத்தேன். கேட்டுவிட்டு, "பயத்தில வான் வண்டியை ரோட்டோரம் விட்டிட்டு நிக்கிறன் அக்கா" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் போன் வரும். மெல்பர்னுக்கு வெளியே கேரம் டவுன்ஸ் பக்கத்தில் ஒரு பண்ணையில் கீரை கழுவிப் பெட்டியில் அடுக்கும் வேலை அவருக்கு. தைப்பூசத்தன்று அங்கே சிவா விஷ்ணு கோயிலில் நேரில் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். நான் அவரை அண்ணன் என்றேன், அவர் என்னை அக்கா என்றார். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. வளர்ந்தது வடக்கே வன்னியில் என்பதால் அந்தப் பேச்சுத்தான் பேசுவார். மனசு கலங்கினால் மட்டும் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும், அது எங்கள் பக்கத்துப் பேச்சு மாதிரியே இருக்கும்.

சாப்பாட்டு வரிசையில் நின்றபடி தன் கதையைச் சொன்னார். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கலவரத்தில் அவர்கள் இருந்த லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, கொளுத்தினார்கள். தப்பி வடக்கே வவுனியாவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். சித்தப்பா குடும்பம் அதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டது, இப்போது கோத்தகிரியில் இருக்கிறார்களாம். அங்கே அவர்களுக்குச் சிலோன்காரர்கள் என்று பெயர். போர் முடிந்த பிறகு ராணுவத்தார் இவரை ஒரு தடவை பிடித்துக்கொண்டுபோய் அடித்திருக்கிறார்கள். அடுத்த தடவை வருவதற்குள் ஆஸ்திரேலியாவுக்குப் படகு ஏறினார். அப்போது இளைய மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இங்கே அகதி விண்ணப்பம் போட்டார், இல்லை என்றார்கள். மறுபரிசீலனைக்குப் போனார், அங்கேயும் இல்லை. இப்போது கோர்ட்டில் கிடக்கிறது. விசா கிடைத்தால்தான் மனைவியையும் மகள்களையும் கூப்பிட முடியும். கிடைக்காவிட்டால் திரும்பிப் போக வேண்டும், போனால் விமான நிலையத்திலேயே விசாரணை. தவழ்ந்த மகள் இப்போது போனில் மட்டும் தெரிகிற ஒரு பெரிய பெண்.

"அந்த அமெரிக்க இந்தியர்கள் என்ன செய்தவங்க அக்கா? சும்மாவா போனவங்க?" என்று கேட்டார்.

சும்மா போகவில்லை. அதைத்தான் அடுத்த வாரங்களில் சொன்னேன். செரோக்கி என்ற இனத்தார் தங்கள் மொழிக்குத் தாங்களே எழுத்து உண்டாக்கி, பத்திரிகை நடத்தி, அரசியல் சட்டம் எழுதிவைத்திருந்தார்கள். ஜார்ஜியா மாநிலமும் ஜெனரலின் ஆட்களும் விரட்ட வந்தபோது அவர்கள் துப்பாக்கியைத் தூக்கவில்லை, வக்கீலைப் பிடித்தார்கள். இது அண்ணனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பண்ணையில் கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் போன் செய்து, "எங்கட ஆக்கள் வழக்குப் போட்டாங்களா?" என்றே கேட்டார். எங்கட ஆக்கள் என்று அவர் சொன்னது செரோக்கிகளை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்கள் நிலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டார்கள். அதைச் சொல்லி அந்த வார நிகழ்ச்சியை முடித்தேன். சில நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். அவர் வழக்கிலும் தீர்ப்பு வந்துவிட்டது. அவரை நிராகரித்த முடிவில் சட்டப் பிழை இருக்கிறது, அது செல்லாது, மறுபடி முடிவெடுக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். குரலே மாறியிருந்தது.

த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தாராம். அவருடைய வேனைக் கூடத் தங்கியிருந்த ரூம்காரர் எடுத்துப்போயிருந்தார். கோயில் மலையடிவாரத்தில் இருக்கிறது, பஸ்ஸில் போய் வரும் இடமா அது? நான் கூட்டிப்போனேன். பின்சீட்டில் தேங்காய்ப் பை உருண்டுகொண்டே வந்தது.

"வென்றாப் பிறகு அவங்களுக்கு என்ன நடந்தது அக்கா?" என்றார்.

"சனிக்கிழமை கேளுங்க."

"சனிக்கிழமை வேலை. இப்பவே சொல்லுங்க."

எனக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அன்று சொல்லியிருப்பேன்.

"ஒண்ணும் நடக்கலை அண்ணே" என்றேன். "கோர்ட்டு சொன்னதை யாரும் செய்யலை."

"அப்பீல் போட்டாங்களா?"

"அப்பீல் எல்லாம் இல்லை. தீர்ப்பு அப்படியே இருந்துச்சு. அந்த மாநிலம் காதுல வாங்கிக்கலை. ஜெனரலும் கண்டுக்கலை. வெள்ளைக்கார ஜனங்களுக்கு நிலம் வேணும், அந்த ஜனங்க அவரு பக்கம்."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மரங்கள் ஓடின. பிறகு, "அது அந்தக் காலம் தானே" என்றார்.

"ஆமா. அந்தக் காலம்" என்றேன். எனக்குத் துளி நம்பிக்கை இல்லை. அவர் ஒவ்வொரு தேங்காயாக உடைத்தார், எல்லாமே நன்றாகத்தான் உடைந்தன.

குளிர்காலம் முடியும் தறுவாயில் இரண்டாவது முடிவு வந்தது. நிராகரிப்பு. இந்தத் தடவை சட்டப் பிழை இல்லாமல், நிதானமாக, அழகாக எழுதியிருந்தார்களாம். வக்கீல் வாசிக்க மொழிபெயர்ப்பாளர் சொன்னதை அவர் எனக்குப் போனில் அப்படியே சொன்னார். வடக்கில் ஆபத்து இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் இவர் இந்தியத் தமிழர். மலையகத்தில் பிறந்தவர். அங்கே இந்தியத் தமிழர் நிறைய வாழ்கிறார்கள். இவரும் அங்கே போய்த் தன் இனத்தாரோடு பாதுகாப்பாக வாழலாம்.

"லயத்தைக் கொளுத்தினதும் நாங்க இந்தியர் எண்டுதான்" என்றார். "இப்ப அதே காரணத்துக்கு அங்க போகட்டாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. வக்கீலைத் திட்டினேன், மொழிபெயர்ப்பாளரைத் திட்டினேன், நாட்டைத் திட்டினேன். மறுபடியும் கோர்ட்டுக்குப் போங்கள் என்றேன். போகலாம், வருஷக்கணக்காகும், ஜெயித்தாலும் மறுபடி முடிவெடுப்பது இதே ஆட்கள்தான் என்று வக்கீல் சொன்னாராம். அண்ணன் அதை ஒரு வருத்தமும் இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பிறகு அந்த ஜெனரலுக்கு ஏதும் தண்டனை கிடைச்சதா அக்கா?"

"இல்லை. இரண்டு தடவை ஜெயிச்சு, பதவிக்காலம் முடிச்சு, மரியாதையா வீட்டுக்குப் போனாரு. வயசாகிப் படுக்கையில செத்தாரு. டாலர் நோட்டுல படம் போட்டிருக்காங்க."

"ஓம், சரி" என்றார். அவ்வளவுதான்.

தொடரை நிறுத்திவிடலாம் என்று அங்கிளிடம் சொன்னேன். இரண்டு வாரம்தானே, முடித்துவிடுங்கள் என்றார். மிச்சம் இருந்தது ஒப்பந்தக் கதை. பெரும்பாலான செரோக்கிகள் கடைசிவரை போகமாட்டோம் என்றுதான் நின்றார்கள், அவர்களின் தலைவரும் அப்படியே நின்றார். ஆனால் ஒரு சின்னக் கூட்டம், படித்தவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள், இனி வழியில்லை என்று சொல்லி, நிலத்தை விட்டுப்போகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது. அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் பிறகு சிப்பாய்கள் வந்து எல்லாரையும் வீட்டிலிருந்து இழுத்துப்போனார்கள். வழியெல்லாம் சாவு. போய்ச் சேர்ந்த பிறகு, கையெழுத்துப் போட்டவர்களில் சிலரை அவர்களின் சொந்த ஆட்களே கொன்றார்கள். அன்று மைக் முன்னால் எனக்கு இரத்தம் கொதித்தது. துரோகிகள் என்ற சொல்லை ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை போன் வரவில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து காரில் உட்கார்ந்திருந்தபோது வந்தது.

"அக்கா, அந்தக் கையெழுத்துப் போட்ட ஆக்கள். அவங்களைத் துரோகிகள் எண்டு நீங்க சொன்னீங்க."

"நான் சொல்லலை அண்ணே, அவங்க சனங்களே சொன்னாங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் என்ன நினைக்க?" என்றேன். "கோர்ட்டுல ஜெயிச்சவங்க. நியாயம் அவங்க பக்கம் இருக்கு. போறோம்னு தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா? இழுத்துட்டுப் போறவன் இழுத்துட்டுப் போகட்டும். நானா இருந்தா போட மாட்டேன்."

எனக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை உண்டு. ரோவிலில் வீடு உண்டு. என்னை யாரும் எதிலும் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை.

"அவங்களுக்கும் புள்ளைக இருந்திருக்கும்ல" என்றார். தோட்டத்துப் பேச்சு வந்துவிட்டது. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். "பெரியவளுக்குக் கலியாணம் பேசுறாங்க. சின்னவ என்னைய நேர்ல பாத்ததே நெனவில்லைங்கிறா. புடிச்சு உள்ள போட்டாலும், ஒரு தடவ வந்து பாக்குற தூரத்துல இருப்பேன்ல."

"அண்ணே" என்றேன்.

"நானா விரும்பிப் போறேன்னு வெள்ளிக்கெழம இமிகிரேசன்ல எழுதிக் குடுத்துட்டேங்க அக்கா. அதுக்குப் பொறவுதான் உங்க ரேடியோவக் கேட்டேன்."

நான் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது? அவரே, "நீங்க தெரியாமச் சொன்னது, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். ஏர்போர்ட்டுக்கு நான் கூட்டிப்போகிறேன், எந்த நாளானாலும் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

"வேணாங்க அக்கா" என்றார். "அவங்களே வண்டி அனுப்புறாங்களாம்."